கனடாவுக்குக் குடிபெயரும்போது வேட்டை, குறிசுடும் போட்டிக்கான துப்பாக்கி கொண்டுபோக

முதலில் கைத்துப்பாக்கியை மறந்துவிடுங்கள். தனிநபர் அதை இறக்குமதி செய்வது 2022 ஆகஸ்டு முதல் தடை. வேட்டைக்கான சாதாரண ரைஃபிள், ஷாட்கன் என்றால் வழி உண்டு. ஆனால் ஏஆர்-15 (ராணுவ பாணி ரைஃபிள்) போன்ற பல வகைகள் 2020லிருந்து தடைப்பட்டியலில் இருப்பதால் மாடலைச் சரிபார்த்த பிறகே பேக் செய்யுங்கள்.

கனடாவின் துப்பாக்கி உரிமம் இல்லாதவர்கள் ஆர்சிஎம்பி (கனடாவின் தேசியக் காவல்துறை) 5589 படிவத்தை மூன்று பிரதி நிரப்பி, கையெழுத்துப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் சுங்க அதிகாரி முன்புதான் கையெழுத்து. முன்கூட்டியே போட்டால் செல்லாது. மூன்றுக்கு மேல் துப்பாக்கி இருந்தால் 5590 இணைப்புத் தாளும் வேண்டும். எத்தனை இருந்தாலும் கட்டணம் 25 கனடா டாலர்தான்.

அதிகாரி உறுதிசெய்த இந்தப் படிவம் தற்காலிக உரிமமாக 60 நாள்தான் செல்லும். பலர் மாட்டுவது இங்கேதான்: அதன் பிறகு வேண்டிய முறையான கனடா உரிமத்துக்குப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும், புதிதாக விண்ணப்பிப்போருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பும் உண்டு. வீடு பார்த்து, பள்ளி சேர்த்துவிட்டுப் பார்க்கலாம் என்றால் கெடு தாண்டிவிடும். வந்த வாரமே பயிற்சிக்குப் பதிந்துவிடுங்கள்.

மேகசினையும் (தோட்டா நிரப்பும் பெட்டி) பாருங்கள். சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடிப்பகுதி நடுவில் அடித்து வெடிக்கும் வகை) செமி-ஆட்டோ (ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்) ரைஃபிளுக்குப் பொதுவாக 5 தோட்டாதான் வரம்பு. அதற்கு மேல் கொள்ளும் மேகசின் தனியாக இருந்தாலும் தடைசெய்யப்பட்ட பொருள்தான்.