டீசல் கொட்டிய மண்ணைத் தொழு உரத்தால் சரிசெய்வது எப்படி?

போன வருடம் ஜெனரேட்டருக்கு ஊற்றும்போது கேன் சரிந்து இரண்டு லிட்டர் டீசல் மண்ணில் போய்விட்டது. அந்த மண்ணை மீட்ட விதம் இது. சின்னக் கொட்டலுக்கு மட்டும்தான். பக்கத்தில் கிணறோ ஓடையோ இருந்தால் விவரம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுவிடுங்கள்.

நனைந்த மண்ணை வெட்டியெடுத்து, தடித்த தார்ப்பாய் மேல் முழங்கால் உயரத்துக்குக் குவியுங்கள். கையுறை அவசியம், பக்கத்தில் நெருப்பு ஆகாது.

அடுத்து உரம். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா மண்ணிலேயே உண்டு. பாக்கெட்டில் விற்கும் நுண்ணுயிரிப் பொடிக்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்பது என் கட்சி. மண்ணிலுள்ள பாக்டீரியாவுக்குப் பற்றாமல் போவது நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான். 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் என்பது வழக்கமான கணக்கு. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 700 கிராம் கார்பன் இருக்கும், அதற்கு 70 கிராம் நைட்ரஜன். காய்ந்த தொழு உரத்தில் 1 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 7 கிலோ உரம்.

நான் சறுக்கியது இதற்கப்புறம்தான். மண் பொலபொலவென்று இருக்கட்டும் என்று மரத்தூளை அள்ளிக் கொட்டினேன். மூன்று வாரமாகியும் வாடை அப்படியே இருந்தது. மரத்தூளும் கார்பன்தானே! அதை மக்க வைக்கும் நுண்ணுயிரிகள் இருந்த நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டன. மக்கிய கோழி எரு இரண்டு கூடை கலந்த பிறகுதான் வாடை இறங்கியது. இப்போதெல்லாம் உமிதான், காற்றுக்கு இடம் விடும், லேசில் மக்காது.

தண்ணீர் தெளித்து ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்றில்லை என்று அர்த்தம். வாரம் ஒருமுறை கிளறுங்கள். மண்வெட்டி கட்டியைப் புரட்டிப் போடும், உடைக்காது. எனக்கு கார்டன் ஃபோர்க்தான் பிடித்தம். மழைக்கு மூடிவிடுங்கள்.

பின்சேர்க்கை: வண்டியில் வடித்த பழைய என்ஜின் ஆயிலுக்கும் இது சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். எண்ணெய் மெதுவாகக் குறையும். ஆனால் அதிலுள்ள ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்களை எந்த நுண்ணுயிரியும் தின்று தீர்க்காது. அங்கே காய்கறி போடாதீர்கள்.

இன்னொருவர், "வாடை போச்சு, முடிஞ்சுதா?" என்றார். இல்லை. முதலில் ஆவியாவது வாடையுள்ள லேசான பகுதிதான். கொஞ்சம் மண்ணைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். மேலே வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் இன்னும் கிளற வேண்டியதுதான். படலம் இல்லை என்றாலும், ஆய்வகத்தில் ஹைட்ரோகார்பன் (மண்ணில் மிச்சமிருக்கும் எண்ணெய்) அளவைப் பார்த்த பிறகே நான் செடி வைத்தேன்.