சிறிய அலுவலகத்தில் ‘இதர செலவு’களைக் குறைப்பது எப்படி?

ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது வாடகையும் சம்பளமும் ஏறக்குறைய எதிர்பார்த்த அளவிலேயே வந்து நிற்கும். திடுக்கிட வைப்பது ‘இதர செலவு’ என்ற தலைப்பின் கீழ் சேர்ந்திருக்கும் தொகைதான். பெங்களூரு அல்சூரில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தின் கணக்கை நான் பார்த்து வருகிறேன். ஒருமுறை அந்தத் தலைப்பைப் பிரித்துப் பார்த்தபோது, வவுச்சர் கட்டில் பாதிக்கு மேல் நூறு, இருநூறு ரூபாய்க்கான துண்டுச் சீட்டுகளாக இருந்தன. எத்தனை வாங்கினோம், ஒன்று என்ன விலை என்ற விவரம் எதிலும் இல்லை. ஆகவே முதல் மாதம் எதையும் குறைக்க முயலாமல், தேதி, பொருள், எண்ணிக்கை, ஒன்றின் விலை, கேட்டவர் பெயர் என்று ஐந்து பத்திகள் போட்டு எழுதிவைப்பது மட்டுமே வேலை.

சில்லறைச் செலவுக்கு ஒரு நிலையான தொகையை, 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், ஒருவர் பொறுப்பில் விட வேண்டும். எந்த நாளில் எண்ணினாலும் பெட்டியிலுள்ள பணமும் வவுச்சர்களின் கூட்டுத்தொகையும் சேர்ந்து 5,000 வர வேண்டும். நிரப்பும்போது வவுச்சர் தொகைக்கு மட்டுமே நிரப்ப வேண்டும். பழைய முறைதான் என்றாலும், ஆளாளுக்குத் தம் கைப்பணத்தையும் ஜிபேயையும் கொண்டு வாங்கிவிட்டு மாதக் கடைசியில் மொத்தமாகக் கேட்கும் வழக்கத்தை இது ஒன்றுதான் நிறுத்துகிறது.

எங்கள் நோட்டில் முதலில் கண்ணில் பட்டது பத்து நிமிடத்தில் பொருளைக் கொண்டுவந்து தரும் செயலிகள். பேனா தீர்ந்தால் ஒரு ஆர்டர், செல்லோடேப் தீர்ந்தால் இன்னொன்று என்று ஒரே மாதத்தில் பதினேழு ஆர்டர்கள் இருந்தன. டெலிவரிக் கட்டணமும் கையாளும் கட்டணமும் ஒவ்வொரு பில்லிலும் தனித்தனியே ஏறியிருந்தன. அதைவிடப் பெரிய இழப்பு, பில்கள் ஊழியர்களின் சொந்தப் பெயரில் வந்திருந்தது. ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம், தன் ஜிஎஸ்டி எண் போட்ட பில்லை வாங்கியிருந்தால், 18 சதவீத வரியுள்ள பொருளுக்குக் கொடுத்த 1,180 ரூபாயில் 180 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொண்டிருக்கலாம். விற்பவர் கணக்குத் தாக்கல் செய்து, நமக்குரிய வரவுகளை ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் பட்டியலிட்டுக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி படிவத்தில் அந்த பில் தெரிந்தால்தான் இது செல்லும் என்பதால், மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டீ, சிற்றுண்டி பில்களுக்கு இந்த வரவு பொதுவாகக் கிடையாது.

இப்போது மாதம் ஒருமுறை பட்டியலோடு ஒருவர் மெட்ரோவில் சிக்பேட்டை நிலையம் வரை சென்று, அவென்யூ ரோட்டின் மொத்த விலைக் கடைகளில் வாங்கி வருகிறார். சட்டையில் மை கொட்டிய அவசரம் போன்றவற்றுக்குச் செயலி இருக்கட்டும், பேனாவுக்கு வேண்டாம்.

அச்சிடும் செலவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பெரும்பாலோர் தவறான இடத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள். 500 தாள் கொண்ட ஏ4 ரீம் 300 ரூபாய் என்றால் ஒரு தாள் 60 காசு. கார்ட்ரிட்ஜ் 2,400 ரூபாய், அதன் பெட்டியில் 1,600 பக்கம் என்று போட்டிருந்தால் ஒரு பக்கத்தின் டோனர் (அச்சு மைத்தூள்) ஒன்றரை ரூபாய். அந்த 1,600 என்பதும், பக்கத்தின் பரப்பில் சுமார் 5 சதவீதம் மட்டுமே எழுத்து இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. கறுப்புப் பட்டையும் பெரிய லோகோவும் உள்ள விலைப்புள்ளிக் கடிதத்துக்கு அது எட்டாது. எனவே இருபுறமும் அச்சிடுவதில் கிடைப்பது பக்கத்துக்கு 30 காசுதான். அச்சிடாமலே விடுவதில் இரண்டு ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. இருபுற அச்சையும் டோனர் சிக்கன முறையையும் எல்லாக் கணினிகளிலும் இயல்பு அமைப்பாக வைத்துவிட்டு, ஒரு வாரம் பிரிண்டர் தட்டில் யாரும் எடுக்காமல் கிடக்கும் தாள்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுவையுங்கள். எங்கள் பெட்டியில் அந்த வாரம் 143 தாள்கள் சேர்ந்தன. அதில் ஒரே பயண டிக்கெட் நான்கு முறை அச்சாகியிருந்தது. அதற்குப் பிறகு, பிரிண்டரின் அருகில் போய்க் கடவுக்குறி எண்ணை அழுத்தினால்தான் தாள் வெளிவரும்படி அமைத்தோம். பல அலுவலக லேசர் பிரிண்டர்களில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது.

கணினி, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் டோனர் நிரப்பித் தருகிறார்கள். உத்தரவாதக் காலம் முடிந்த கறுப்பு வெள்ளை இயந்திரத்துக்கு அது சரிப்படும். ஆனால் தூள் கசிந்து டிரம் (தாளில் அச்சைப் பதிக்கும் உருளை) கெட்டால் பல மாத மிச்சம் ஒரே பில்லில் போய்விடும் என்பதால், நிரப்பியவரிடமே பரிசோதனைப் பக்கம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இங்க் டேங்க் இயந்திரம் பக்கத்துக்கு மலிவு. ஆனால் வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் அதன் ஹெட்டில் மை உலர்ந்துவிடும்.

மின்கட்டணத்தில், விளக்கை அணைக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன் பெங்களூரு மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் பில்லை எடுத்து, சாங்ஷன் லோடு (உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை) எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். நீங்கள் ஒரு யூனிட்கூடப் பயன்படுத்தாவிட்டாலும், அந்த ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாதாமாதம் நிலைக்கட்டணம் உண்டு. அந்த மாதத்தில் நீங்கள் ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச மின்சுமை, அதாவது பதிவான உச்சத் தேவையும் பில்லிலேயே இருக்கும். கோடை மாதங்கள் உட்பட ஓராண்டு பில்களில் அது சாங்ஷன் லோடைவிட எப்போதும் வெகுவாகக் குறைந்தே இருந்தால் லோடைக் குறைக்க விண்ணப்பிக்கலாம். மிகவும் குறைத்துவிட்டு மீறினால் அபராதம் வரும், ஆகவே சற்று இடம் விட்டே கேட்க வேண்டும். மீட்டர் கட்டட உரிமையாளர் பெயரில் இருந்தால் அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் வாங்குபவராக இருந்தால், மூல பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்து மின்விசிறி. சாதாரண விசிறி சுமார் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறி சுமார் 30 வாட். நாளுக்கு 9 மணி நேரம், மாதம் 26 நாள் ஓடினால் ஒரு விசிறியில் மாதம் பத்து யூனிட்டுக்கு மேல் குறைகிறது. ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 2020 முதல் நட்சத்திரக் குறியுள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படியே வருகின்றன. பெங்களூரில் மார்ச் முதல் மே வரை தவிர, ஜன்னலைத் திறந்தாலே பெரும்பாலும் போதும். போக்குவரத்துச் சாலையை ஒட்டிய அறைகளுக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தாது.

ரொக்கமாகக் கொடுப்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு: ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விதிவிலக்குகள் தவிர, வருமான வரிக் கணக்கில் அதைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது. தள்ளுபடி தருகிறேன் என்று கடைக்காரர் ரொக்கம் கேட்டால் இதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

குடிநீரில், 20 லிட்டர் கேன் வந்து இறங்கும்போதே எண்ணிக் கையெழுத்து வாங்கினால் போதும்.

டீயை நிறுத்துவதுதான் பல முதலாளிகளுக்கு முதலில் தோன்றும் சிக்கனம். அது என் பார்வையில் கடைசி இடத்துக்குக்கூட வரக் கூடாது. உள்ளே கிடைக்காத டீக்கு ஒருவர் வெளியே போனால் அரை மணி நேரம் போகிறது, அதுவும் தனியாகப் போக மாட்டார். ஆனால் ஆள் எண்ணிக்கையைப் பார்த்து ஆர்டர் செய்வது வீண். மூன்று நாள் மாலையில் ஃபிளாஸ்கில் மிஞ்சியதை அளந்தபோது, நான்கு பேர் மாலை டீ குடிப்பதே இல்லை என்று தெரிந்தது. இப்போது மாலைக்கு எட்டு டீதான் வருகிறது. அந்த நால்வரில் இருவர், டீதான் வேண்டாம், ஃபில்டர் காபி என்றால் சரி என்றார்கள். அவர்களுக்கு ஒரு காபி, பை டூ.