கம்பெனி அலாரத்தோடு ஷாக் சென்சார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரோடு வருகிற கம்பெனி அலாரம் பெரும்பாலும் திறப்பதை மட்டும்தான் கவனிக்கும். கதவு, டிக்கி, சில மாடல்களில் பானட். இவற்றில் ஒன்று திறந்தால் கத்தும். பின் கண்ணாடியை உடைத்து சீட்டில் இருக்கும் பையை எடுத்துக்கொண்டு போனால் பல கார்களில் ஒரு சத்தமும் வராது. கதவு திறக்கவே இல்லையே! திருநள்ளாறு, ஆலங்குடி, கும்பகோணம் என்று நவக்கிரகக் கோயில்களைச் சுற்றுகிறவர்கள் பெட்டி படுக்கையை எல்லாம் வண்டியில் விட்டுவிட்டுத்தான் சன்னிதிக்குப் போகிறார்கள். வேளாங்கண்ணி திருவிழா நாட்களிலும் இதே கதைதான்.

அந்தக் குறைக்குத்தான் ஷாக் சென்சார். வண்டிக்கு அடி விழுந்தால் அது ஒரு சிக்னல் கொடுக்கும். அதை நாம் பானட் சுவிட்ச் ஒயரில் சேர்த்துவிட்டால், பானட் திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அலாரம் கத்தும். பொருளும் சின்னது, ஒயரும் நாலைந்துதான். ஆனால் எங்கே இணைக்கிறோம், சென்சாரின் நுணுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பி வைக்கிறோம் என்ற இரண்டு இடத்திலும் நிதானம் வேண்டும். டெல்டாவில் இதைப் பொருத்திய பல வண்டிகள் ஒன்று ராத்திரி முழுக்கக் கத்துகின்றன, இல்லையென்றால் கத்தவே மாட்டேன் என்கின்றன. இரண்டுக்கும் காரணம் இந்த இரண்டு இடங்கள்தான்.

முதல் தவறு, கதவு சுவிட்ச் ஒயரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது என்பதால் பலர் அதையே பிடிக்கிறார்கள். அடி விழும்போதெல்லாம் கதவு திறந்ததாகக் காருக்குத் தோன்றும். உள்ளே லைட் எரியும், சில கார்களில் லாக்கே குழம்பும். பானட் சுவிட்ச் ஒயர்தான் சரியான இடம். அதையும் இன்ஜின் பக்கம் தேட வேண்டாம். டாஷ்போர்டுக்குக் கீழே, அலாரத்தை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்கு வந்து சேரும் முனையில் பிடியுங்கள். இதைச் சொல்லக் காரணம் எலி. சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலி வீட்டுப் பக்கம் திரும்பும், கார் பானட்டுக்குள் ஏறிக் கண்ணில் பட்ட ஒயரைக் கடிக்கும். புதிதாக இழுத்த ஒயர் உள்ளேயே இருந்தால் அந்தக் கவலை பாதி குறையும். வேறு வழியில்லாமல் வெளியே இழுக்க வேண்டி வந்தால் நெளிவுக் குழாய்க்குள் விட்டு இழுங்கள்.

உங்கள் காரில் பானட் சுவிட்சே இல்லாமலும் இருக்கலாம். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் கிடையாது. இன்னும் சில கார்களில் கதவு, பானட் நிலவரம் தனி ஒயரில் வராமல், கேன் பஸ் என்கிற பொது லைனில் செய்தியாக ஓடும். அந்த லைனில் சென்சார் ஒயரை முறுக்கிவிட்டால் மீட்டர் போர்டில் வரிசையாக எச்சரிக்கை விளக்குகள் எரியும், சில நேரம் வண்டி ஸ்டார்ட்டும் ஆகாது. இப்படிப்பட்ட காருக்கு என் யோசனை, கம்பெனி அலாரத்தைத் தொடவே வேண்டாம், சொந்த சைரனோடு வருகிற தனி அலாரம் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் கன்ட்ரோல் யூனிட் போனால் ஆகும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

ஒயர் கிடைத்துவிட்டது என்று உடனே வெட்டிவிடாதீர்கள். முதலில் மல்டிமீட்டரில் டிசி வோல்ட் வைத்து, கறுப்பு முனையை பாடி எர்த்தில், அதாவது வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்பில் பிடித்து, சிவப்பு முனையால் ஒயரைத் தொட்டுப் பாருங்கள். பானட் மூடியிருக்கும்போது 5 அல்லது 12 வோல்ட் காட்டி, திறந்ததும் பூஜ்யத்துக்கு இறங்கினால் சென்சாரை நேராகச் சேர்க்கலாம், ஏனென்றால் வழக்கமான ஷாக் சென்சாரும் அடி விழும்போது ஒயரை எர்த்துக்குத்தான் இழுக்கும். இதற்குத் தலைகீழாக, மூடியிருக்கும்போது பூஜ்யம், திறந்தால் வோல்ட் என்று காட்டினால் நேர் இணைப்பு வேலை செய்யாது. அங்கே ஒரு ரிலே (கரன்ட் வந்தால் தானே மாறும் சுவிட்ச்) வைத்து, அடி விழும்போது அந்த ஒயர் ஒரு நொடி துண்டிக்கப்படும்படி செய்ய வேண்டும். இந்த ஒரு அளவைப் பார்க்காமல் இணைத்துவிட்டு, சென்சார் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் நிறைய.

பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் இந்த வேலைக்கு ஆகாது. அது இழுக்கும் கரன்ட் எலெக்ட்ரானிக் யூனிட்டைக் கெடுத்துவிடும். மஞ்சள் கனெக்டர், மஞ்சள் உறை போட்ட ஒயர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அது ஏர்பேக் ஒயராக இருக்கும்.

சென்சாரில் நான்கு ஒயர் இருந்தால் சிவப்பு 12 வோல்ட், கறுப்பு எர்த், மீதி இரண்டும் சிக்னல் என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் நிறத்தை நம்பாமல் கூடவே வரும் தாளைப் பாருங்கள். சிக்னல் இரண்டில் ஒன்று லேசான தட்டலுக்கு, மற்றது பலமான அடிக்கு. இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே ஒயரில் கொடுப்பது பெரிய தவறு. அப்படிச் செய்தால் பூனை ஏறினாலும் முழு அலாரம் அடிக்கும். கம்பெனி அலாரத்துக்கு லேசான தட்டலைத் தனியாக எடுத்துக்கொள்ள வழி கிடையாது. ஆகவே அந்த ஒயரின் நுனியை மூடிக் கட்டி விட்டுவிடுங்கள். பலமான அடிக்கான ஒயர் மட்டும் போதும்.

பலர் விட்டுவிடுகிற இரண்டு பொருள்கள் ரிலேயும் டயோடும். சென்சாருக்கு எப்போதும் சப்ளை இருந்தால், வண்டி ஓடும்போதும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். மன்னார்குடி போகிற வழியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், பானட் திறந்திருக்கிறது என்று மீட்டர் போர்டில் காட்டும். இதைத் தவிர்க்க சென்சாரின் எர்த் ஒயரை ஐந்து பின் ரிலே வழியாக விட வேண்டும். ரிலேயின் பின்களில் எண் போட்டிருக்கும். 30-ல் சென்சாரின் கறுப்பு ஒயர், 87ஏ-யில் பாடி எர்த், 86-ல் சாவி போட்டால் வரும் சப்ளை, 85-ல் எர்த். சாவி போட்டதும் சென்சார் அணைந்துவிடும், எடுத்ததும் உயிர் பெறும். வண்டி நிற்கும்போது ரிலே காயிலில் கரன்ட் ஓடாது, அதனால் பேட்டரிக்கும் நஷ்டமில்லை.

கரன்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு, சிக்னல் ஒயரில் வர வேண்டும். 1என்4007 போதும், சில ரூபாய்தான். வெள்ளிக் கோடு போட்ட முனை சென்சார் பக்கம் இருக்க வேண்டும். ரிலே எர்த்தைத் துண்டித்த பிறகும் சிவப்பு ஒயரில் 12 வோல்ட் நிற்கும். அது சென்சாருக்குள் புகுந்து சிக்னல் ஒயர் வழியாகக் கன்ட்ரோல் யூனிட்டுக்குக் கசியாமல் தடுப்பது இந்த டயோடுதான். திருப்பிப் போட்டுவிட்டால் அலாரம் அடிக்கவே அடிக்காது. சிவப்பு ஒயருக்கு 1 ஆம்பியர் ஃபியூஸ் போட மறக்க வேண்டாம்.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக் கார் மாதக்கணக்கில் நின்றபடியே இருக்கும். அவர்கள் சென்சார் எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். 5 மில்லி ஆம்பியர் என்றால் 30 நாளில் 3.6 ஆம்பியர் அவர், தாங்கும். 20 என்றால் 14.4. 35 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஐந்தில் இரண்டு பங்கு அதிலேயே போய்விடும். காரின் சொந்தச் செலவு வேறு இருக்கிறது.

இணைப்பு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்வேன், ஒயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப் வேண்டவே வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றிலும் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்திலும் இரண்டு வருடம் கிடந்த கிளிப்பைத் திறந்து பார்த்தால் தெரியும். செம்பு இழைகள் பச்சையாகக் களிம்பு ஏறி, தொட்டால் உதிரும். அலாரம் ஒரு நாள் அடிக்கும், ஒரு நாள் அடிக்காது. சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடுகாட்டினால் அந்தப் பிரச்சினை இல்லை. வெறும் இன்சுலேஷன் டேப் சித்திரை வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும். சென்சாரையும் இரட்டைப் பக்க டேப்பை மட்டும் நம்பி பிளாஸ்டிக்கில் ஒட்டாதீர்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் வண்டியின் நடுப்பகுதியில், பாடியோடு சேர்ந்த இரும்புப் பிராக்கெட்டில் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம், ஸ்டீயரிங்கில் துளையும் போட வேண்டாம்.

அடுத்து ஸ்க்ரூ. சென்சாரின் பக்கவாட்டில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் நுனி நுழைகிற அளவில் ஒன்று இருக்கும். எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு பாதுகாப்பு என்று அதைக் கடைசிவரை திருப்பி வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நம் ஊர்த் தெருவை நினைத்துப் பாருங்கள். கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகும் லாரி, அறுவடை மெஷின், சுவாமி புறப்பாட்டில் போடும் அதிர்வேட்டு, ஐப்பசி இடி. வண்டல் மண்ணில் கட்டிய தெருவில் லாரி போனால் வீட்டு ஜன்னலே அதிரும், கார் அதிராமல் இருக்குமா? நாலு நாள் சும்மா கத்திய அலாரத்துக்கு ஐந்தாம் நாள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல்தான். பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போனால் நம் பக்கம் நியாயம் இருக்காது.

ஸ்க்ரூவை மிகக் குறைந்த இடத்தில் வைத்து ஆரம்பியுங்கள். கண்ணாடிகளை ஏற்றி, பூட்டி, ஒரு நிமிடம் முழுசாகக் காத்திருங்கள். பல அலாரங்கள் பூட்டியதும் விழிப்பதில்லை, சில நொடி எடுத்துக்கொள்ளும். உள்ளங்கையால் கண்ணாடியை மெல்லத் தட்டினால் அடிக்கக் கூடாது. முஷ்டியின் அடிப்பக்கத்தால் இரண்டு கதவுக்கு நடுவிலுள்ள தூணில் ஓங்கிக் குத்தினால் அடிக்க வேண்டும். அடிக்கவில்லையென்றால் கால் திருப்புக்கும் குறைவாகத் திருப்பி மறுபடி பாருங்கள். எவ்வளவு திருப்பியும் அடிக்காமல், சென்சார் விளக்கு மட்டும் மின்னினால் அது ஸ்க்ரூ பிரச்சினையில்லை. சிக்னல் ரொம்பக் குறுகியதாக இருப்பதால் அலாரம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. சிக்னலை ஒரு நொடி நீட்டித்துக் கொடுக்கும் டைமர் ரிலே ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம் ஒரு வாரம் வழக்கமாக நிறுத்தும் இடத்திலேயே விட்டுப் பாருங்கள். தென்னை மரத்தடியில் நிறுத்திவிட்டு மட்டை விழுந்து கத்துகிறது என்று ஸ்க்ரூவைக் குறைக்க வேண்டாம், வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள்.

வாரன்டி காலத்தில் ஒயரிங்கில் கை வைத்தால் அந்தப் பகுதிக்கு வாரன்டி மறுக்கப்படலாம், முன்கூட்டியே சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் பிரீமியத்தில் திருட்டுத் தடுப்புக் கருவிக்கான தள்ளுபடி, புனேயிலுள்ள வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ. சான்று பெற்ற கருவிகளுக்கானது. நாமே சேர்த்த சென்சாருக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். எந்த ஒயரில் சேர்த்தோம், ரிலேயும் ஃபியூஸும் எங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள். அடுத்து வண்டியைத் திறக்கப்போகிற எலக்ட்ரீஷியன் வேறு ஒருவராக இருப்பார்.