ஆங்கில எச்சங்கள்: தமிழர் எழுத்தில் தவறும் இடங்கள்

கொழும்பில் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குச் செல்லும் கடிதம் பல வேளைகளில் ஆங்கிலத்திலேயே செல்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஓர் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வகுத்தது. தமிழில் எழுதுபவரும் சிங்களத்தில் எழுதுபவரும் கடிதத்தில் சந்திக்கும் பொது இடமாக இன்றும் அந்த இணைப்பு மொழியே இருக்கிறது. வெள்ளவத்தையில் தமிழ் பேசி வளர்ந்து கோட்டைப் பகுதி அலுவலகங்களில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் எம்மவர் பலர் எழுத்துக்கூட்டலில் காட்டும் கவனத்தைப் பார்ட்டிசிப்பிள் எனப்படும் எச்ச வடிவங்களில் காட்டுவதில்லை. அவ்வடிவங்களில் நேரும் தவறை எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளும் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. ஏனெனில் சொற்கள் யாவும் சரியாகவே இருக்கும், அவற்றின் உறவே பிழைத்திருக்கும்.

முதற் குழப்பம் பெயர்களிலேயே தொடங்குகிறது. 'இங்' ஈற்று வடிவத்தைப் பிரெசன்ட் பார்ட்டிசிப்பிள் என்றும், 'எட்' அல்லது 'என்' முதலிய ஈறுகள் கொண்ட வடிவத்தைப் பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் என்றும் வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைக் கேட்கும் தமிழ் மாணவர், முன்னது 'செய்கின்ற', பின்னது 'செய்த' என்று மனத்தில் பதித்துக்கொள்கிறார். அந்தச் சமன்பாடு பாதிதான் உண்மை. தமிழ்ப் பெயரெச்சம் காலத்தைக் காட்டும்; ஆனால் அதைத் தொடரும் பெயர் வினையைச் செய்ததா, வினைக்கு உட்பட்டதா என்பதை வடிவத்தில் காட்டாது. எழுதிய பெண், எழுதிய கடிதம், எழுதிய பேனா, எழுதிய மேசை என்ற நான்கிலும் 'எழுதிய' மாறவே இல்லை. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறையும் பெயரெச்சம் கொண்டு முடியும் என்று எமது இலக்கணம் சொல்வது இந்தத் தாராளத்தையே. ஆங்கிலம் நேர்மாறானது. அதன் எச்சம் காலத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. பெயருக்கும் வினைக்கும் உள்ள உறவையே முதலில் கேட்கும்.

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனை ஆங்கிலத்தில் 'சிங்கிங் ஃபிஷ்' என்கிறோம், பாடுவது மீன். கொழும்பு உணவகப் பட்டியலில் இருப்பதோ 'ஃப்ரைட் ஃபிஷ்'. மீன் எதையும் பொரிக்கவில்லை, அதுவே பொரிக்கப்பட்டது. 'டெவில்ட் சிக்கன்', 'பொயில்ட் எக்' எல்லாம் இதே வகை. இந்த வேறுபாட்டை உணவில் தவறவிடாத நாம், உணர்ச்சிச் சொற்களுக்கு வரும்போது தடுமாறுகிறோம். வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் போஸ்ட்' என்று எழுதினால், தமக்கு ஆர்வம் உண்டு என்று சொல்ல வந்தவர், தம்மைச் சுவாரசியமான ஆள் என்று சொல்லிவிடுகிறார். பதவி ஆர்வத்தைத் தூண்டுகிறது, ஆகவே அது 'இன்ட்ரஸ்டிங்'. ஆர்வத்துக்கு ஆட்பட்டவர் 'இன்ட்ரஸ்டட்'. 'போரிங்', 'போர்ட்', 'கன்ஃபியூசிங்', 'கன்ஃபியூஸ்ட்', 'டிசப்பொயின்டிங்', 'டிசப்பொயின்டட்' ஆகிய இணைகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கேள்வி போதும்: உணர்வை உண்டாக்குவது எது, அதை அடைவது யார்? விதிவிலக்குகள் சில உள்ளன. 'ரிடயர்ட் டீச்சர்', 'ஃபோலன் லீவ்ஸ்' என்பவற்றில் ஆசிரியரும் இலைகளும் எதற்கும் உட்படுத்தப்படவில்லை. தாமே செய்து முடித்தவை. செயப்படுபொருள் வேண்டாத வினைகள் சிலவற்றின் எச்சம் இவ்வாறு முடிவுற்ற நிலையைக் குறிக்கும்.

எச்சம் நிற்கும் இடமும் கவனத்துக்குரியது. தமிழில் பெயரெச்சம் எப்போதும் பெயருக்கு முன்னேதான் வரும். அந்தப் பழக்கத்தில் 'சம்பந்தப்பட்ட அதிகாரி' என்பதை 'த கன்சர்ன்ட் ஒஃபிசர்' என்று எழுதுகிறோம். எமது திணைக்களக் கடிதங்களில் இதை அடிக்கடி காணலாம்; தெற்காசிய ஆங்கிலத்தில் இது வேரூன்றியும் விட்டது. ஆனால் பொதுவழக்கு ஆங்கிலம் மட்டும் அறிந்த வாசகர் அதைக் 'கவலையுற்ற அதிகாரி' என்று எடுத்துக்கொள்ளக்கூடும். 'த ஒஃபிசர் கன்சர்ன்ட்' என்று பெயருக்குப் பின்னே வைத்தால்தான் சம்பந்தம் என்ற பொருள் ஐயமின்றிக் கிடைக்கும். எச்சம் தனக்கென ஒரு தொடரை இழுத்துக்கொண்டு வரும்போதும் அது பின்னால்தான் செல்ல வேண்டும்: முகாமையாளர் எழுதிய கடிதம் 'த லெட்டர் ரிட்டன் பை த மெனேஜர்' ஆகும்.

வடிவம் பிறழ்வதைப் பற்றி நீண்டு சொல்லத் தேவையில்லை. 'ஹாஸ் வென்ட்', 'வாஸ் ஸ்டோல்' என்பவை தவறு; 'ஹாஸ் கோன்', 'வாஸ் ஸ்டோலன்' என்பவையே சரி. 'கோ, வென்ட், கோன்' என்று செல்லும் மூன்று பத்தி வினைப் பட்டியலை மனனம் செய்வதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

இனி வருவதே எமது எழுத்தில் அதிகம் சேதம் விளைவிப்பது என்று நான் கருதுகிறேன். 'ஹாவிங் வேர்க்ட் இன் எ பேங்க் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ், யுவர் கொம்பனி வில் பெனிஃபிட் ஃப்ரம் மை எக்ஸ்பீரியன்ஸ்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பதாரர் சொல்ல விரும்பியது தெளிவு: வங்கியில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். வாக்கியம் சொல்வதோ, அந்த நிறுவனமே வங்கியில் வேலை செய்தது என்று. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் எச்சத்தொடர், காற்புள்ளிக்குப் பின் வரும் எழுவாயைத் தனக்குரியதாகப் பற்றிக்கொள்ளும். எழுவாய் 'ஐ' ஆக மாறினால் வாக்கியம் நேராகிவிடும்: 'ஹாவிங் வேர்க்ட் இன் எ பேங்க் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ், ஐ கேன் பி யூஸ்ஃபுல் டு யுவர் கொம்பனி.'

'பீயிங் எ போயா டே, த பேங்க் வாஸ் கிளோஸ்ட்' என்பதிலும் இதே கோளாறு. போயா என்பது பௌர்ணமி விடுமுறை நாள்; இங்கே வங்கியே போயா தினமாகிவிட்டது. 'இட் பீயிங் எ போயா டே' என்று எச்சத்துக்குச் சொந்த எழுவாய் கொடுக்கலாம். அன்றாடக் கடிதத்தில் 'ஆஸ் இட் வாஸ் எ போயா டே' என்பது இன்னும் இயல்பானது. செயப்பாட்டு வினையில் இத்தவறு எளிதில் ஒளிந்துகொள்ளும். 'செக்கிங் த அக்கவுன்ட்ஸ் எகெயின், எ மிஸ்டேக் வாஸ் ஃபௌண்ட்' என்றால் கணக்கைச் சரிபார்த்தது பிழையே என்று ஆகும். 'வீ ஃபௌண்ட் எ மிஸ்டேக்' என்று, கண்டுபிடித்தவரை எழுவாயாக்க வேண்டும்.

இத்தவறுக்கு வேர் எமது மொழியிலேயே இருக்கிறது. செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று வாய்பாட்டு வினையெச்சங்களும் வினைமுதல் வினையைக் கொண்டே முடியும் என்று தொல்காப்பியம் வினையியலில் வகுக்கிறது. அதாவது, எச்சத்தின் எழுவாயும் முடிக்கும் வினையின் எழுவாயும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலம் கேட்பதும் இதையேதான். ஆனால் வழக்கில் நாம் 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று தயக்கமின்றிச் சொல்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம். காரணமும் விளைவுமாக அவை இணைவதால் எமது இலக்கணமும் அதை ஏற்றுக்கொள்கிறது. இந்தச் சலுகையைத்தான் நாம் அறியாமல் ஆங்கிலத்துக்கும் எடுத்துச் செல்கிறோம். இரண்டு எழுவாய் இருந்தே தீர வேண்டுமானால் ஆங்கிலத்தில் இரண்டையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: 'த ரெயின் ஹாவிங் ஸ்டொப்ட், வீ வோக்ட் டு கோல் ஃபேஸ்.' 'கன்சிடரிங்', 'ரிகார்டிங்', 'அக்கோர்டிங் டு' போன்ற சில மட்டும் முன்னிடைச் சொற்களாகவே ஆகிவிட்டதால் எழுவாயைத் தேடுவதில்லை. அவற்றை அஞ்சாமல் எழுதலாம்.

'செய்து' என்ற எச்சம் முடிந்த செயலைக் குறிப்பதால் இன்னொரு வழுவும் நேர்கிறது. 'ஃபினிஷிங் ஹேர் ஏ லெவல்ஸ் இன் 2015, ஷி ஜொயின்ட் த பேங்க் இன் 2019' என்பதில் நான்கு ஆண்டு இடைவெளியை வெறும் 'இங்' தாங்காது. அது உடனிகழ்வையோ அடுத்தடுத்து நிகழ்வதையோதான் குறிக்கும்: 'ஓப்பனிங் த டோர், ஹி கேம் இன்' என்பது பொருந்தும். இடைவெளி இருக்கும்போது 'ஹாவிங் ஃபினிஷ்ட்' என்றே எழுத வேண்டும்.

கடிதத்தின் இறுதி வரியையும் பார்த்துவிடுவோம். 'தேங்கிங் யூ' என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பது கொழும்பில் பரவலான வழக்கம். 'ஹோப்பிங் ஃபோர் எ ஃபேவரபிள் ரிப்ளை' என்பதும் அப்படியே. இரண்டும் முடிக்கும் வினை இல்லாத எச்சங்கள். பழைய கடித மரபில் 'தேங்கிங் யூ, ஐ ரிமெய்ன், யோர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்று கையொப்பம் வரை ஒரே வாக்கியமாக அது ஓடியது; நடுவிலிருந்த 'ஐ ரிமெய்ன்' காலப்போக்கில் உதிர்ந்துவிட, எச்சம் மட்டும் தனித்து நிற்கிறது. இன்று எழுதும் கடிதத்துக்குத் 'தேங்க் யூ ஃபோர் யுவர் டைம்' என்ற முழு வாக்கியமே பொருத்தம். பதிலை எதிர்பார்ப்பதாகச் சொல்ல வேண்டுமானால் 'ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று எழுதலாம்; அங்குள்ள 'ஹியரிங்' எச்சமன்று, தொழிற்பெயர், ஆகவே அதை 'ஹியர்' என்று குறைத்துவிடக் கூடாது.