அம்மாயி பிறந்த திகதியைக் குடும்ப மரத்தில் ஏற்றுவது எப்படி

இலங்கையின் பொகவந்தலாவையில் நான், தமிழ்நாட்டின் கோத்தகிரியில் பெரியப்பா மகள், அமெரிக்காவில் அந்த அக்காவின் மகன். மூவரும் இணையத்தில் ஒரே குடும்ப மரத்தில் எழுதுகிறோம். எங்களுக்குள் முதலில் போட்டுக்கொண்ட சட்டம்: மாதத்தை எண்ணால் எழுதக் கூடாது.

03/12/1947 என்றால் எனக்கும் அக்காவுக்கும் டிசம்பர் 3. அமெரிக்க முறையில் ஓடும் கணினிக்கு அது மார்ச் 12. 25/12 என்று போட்டால் மாதம் 25 இல்லையென்று பிழை காட்டிவிடும். 12ஐத் தாண்டாத நாட்கள்தான் பொல்லாதவை, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மாறிப்போகும். ஆகவே ‘12 மார்ச் 1947’ என்று மாதப் பெயரோடு எழுதுங்கள். தமிழில் எழுதிய மாதத்தைத் தளம் ஏற்காவிட்டால் அதன் ஆங்கில மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் போடுங்கள். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மரத்தைக் கொண்டுபோகும் ஜெட்காம் கோப்பும் நாள், மூன்றெழுத்து மாதம், நாலிலக்க ஆண்டு என்ற வரிசையைத்தான் கேட்கிறது.

தெரியாததை நிரப்பாதீர்கள். ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டு மட்டும். சில மென்பொருட்களில் மாதத்தை விட்டுவிட்டால் ஜனவரி 1 தானாக வந்து விழும். சேமித்தபின் பக்கத்தைத் திறந்து பார்த்து அதை நீக்குங்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பதிவில்லாமலே வளர்ந்த நம் பெரியவர்களுக்கு யாரோ ஒரு பொய்ப் பிறந்தநாளைச் சூட்டுவதை என்னால் பொறுக்க முடியாது.

அம்மாயியிடம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லையா? இலங்கையின் பழைய அடையாள அட்டையை எடுங்கள். ஒன்பது இலக்கத்தில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 47572 என்று தொடங்கினால் 1947, 72ஆம் நாள். இங்கே கவனம் வேண்டும்: லீப் ஆண்டோ இல்லையோ, அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். ஜனவரியும் பெப்ரவரியும் சேர்ந்து 60, மிச்சம் 12, ஆகவே மார்ச் 12. இணையத்தில் கிடைக்கும் நாள் கணிப்பானில் போட்டால் 1947க்கு மார்ச் 13 என்று ஒரு நாள் தள்ளிக் காட்டும். கையாலேயே கணக்குப் போடுங்கள். புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு நாலிலக்கமாக இருக்கும், நாள் கணக்கு அதேதான். ஆனால் அட்டையே, பிறப்புப் பதிவில்லாதவருக்குக் கொடுக்கும் அனுமான வயதுச் சான்றிதழை வைத்து எடுத்ததாக இருக்கலாம். அப்படியானால் திகதிக்கு முன்னால் ‘சுமார்’ போட்டு, மூலம் அடையாள அட்டை என்று குறியுங்கள்.

‘சுமார்’ என்பதற்கு ஜெட்காமில் ஏ.பி.டி. என்ற ஆங்கில எழுத்துகள். முன் என்பதற்கு பி.இ.எஃப்., பின் என்பதற்கு ஏ.எஃப்.டி. இரண்டு திகதிகளுக்கு இடையில் என்றால் பி.இ.டி. போட்டு முதல் திகதி, ஏ.என்.டி. போட்டு அடுத்த திகதி. நம்மவர் கதைகளுக்கு அதிகம் கைகொடுப்பது இந்தக் கடைசி வகை.

தமிழ் ஆண்டுப் பெயரைச் சொல்லி ‘சர்வசித்து ஆடியில பொறந்தேன்’ என்றால் 1947 ஜூலை நடுவிலிருந்து ஒகஸ்ட் நடுவரை. 16 ஜூலைக்கும் 17 ஒகஸ்டுக்கும் இடையில் என்று போடலாம். அதே சர்வசித்து மாசி என்றால் 1948 பெப்ரவரி, மார்ச். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் தை பிறந்ததும் ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும்; மார்கழி அந்த மாற்றத்தின் இரு பக்கமும் நிற்கும்.

அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வரும் என்பதையும் மறக்க வேண்டாம். ‘தாது வருசத்துல வந்தோம்’ என்று சொன்னால் அது 1876-77 ஆகலாம், 1936-37உம் ஆகலாம். பஞ்சத்தோடு சேர்த்துச் சொன்னால் முதலாவதுதான். அந்தத் தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலிருந்து ஏராளமானோர் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். வந்தவருடைய பிள்ளைகள் பிறந்த ஆண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

பயண வழியும் சாட்சி சொல்லும். தனுஷ்கோடியில் ரயிலை விட்டிறங்கி தலைமன்னார் கப்பல் ஏறியவர் என்றால் 1914க்குப் பின். அந்த வழி அப்போதுதான் திறந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததால் அதற்கு முன். அகன்ற இடைவெளிதான், ஆனாலும் பொய்யில்லாத இடைவெளி. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி ராமேஸ்வரத்தில் போய் இறங்கிய எங்கள் பெரியப்பா வீட்டுக்குக் கடவுச்சீட்டு முத்திரையே இருக்கிறது, அதை அப்படியே எழுதினோம்.

எப்படி மாற்றி எழுதினாலும், பெரியவர் சொன்ன சொல்லை அதே சொல்லில் குறிப்புக் கட்டத்தில் எழுதிவையுங்கள். நாளை வேறொரு கடுதாசி கிடைத்தால் உங்கள் பிள்ளைகள் அதிலிருந்து மறுபடி கணக்குப் போடலாம். அடையாள அட்டை எண்ணை மட்டும் முழுதாக எழுதவோ அட்டையைப் படமெடுத்து ஏற்றவோ வேண்டாம். உயிரோடு இருப்பவர் பக்கத்தைத் தனிப்பட்டதாகப் பூட்டி வையுங்கள்.