ஏட்டையா பெயரைக் கேட்டால்: டெல்டா பக்கம் போகிறவர்களுக்கு

வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு வந்துகொண்டிருந்தோம். இரவு பதினொரு மணி இருக்கும். மச்சான் கார் ஓட்ட, பக்கத்தில் நான், பின்னால் மாமா. தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற ஏட்டு டார்ச்சை உள்ளே அடித்து, என்னைப் பார்த்து, "சார் யாரு?" என்றார். பதினெட்டு வருடம் லண்டனில் இருந்த வாய். "எதுக்குக் கேக்குறீங்க?" என்றுவிட்டேன். அவர் முகம் மாறுவதற்குள் மாமா பின் சீட்டிலிருந்தே, எங்க அக்கா மகன்ங்க, சீமையில இருக்கான், தாத்தா கணக்குப்பிள்ளையா இருந்தவரு என்று மூன்று தலைமுறையை ஒப்பித்து முடித்தார். போங்க என்று கையைக் காட்டினார் ஏட்டு.

வீடு வரும்வரை சண்டை. போலீஸ் பெயரைக் கேட்டால் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பது மாமா கட்சி. சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை என்பது என் கட்சி. மறுநாள் மன்னார்குடியில் வக்கீலாக இருக்கும் பள்ளித் தோழனிடம் கொண்டுபோனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, அவன் கேட்டது ஒரே கேள்வி: "நீ இப்ப எந்த பாஸ்போர்ட்?"

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றேன். "அப்ப உன் கட்சி அவுட்டு."

ஊருக்குக் கிளம்பும் ஒவ்வொருவரும் முதலில் இந்தக் கேள்விக்குத்தான் பதில் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஒரு சட்டம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் வேறு. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவர்கள் தாங்கள் முதல் வகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, இரண்டாவது வகைதான்.

முதலில் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். இந்தியக் குடிமகன் எப்போதும் ஒரு அடையாள அட்டையைப் பையில் வைத்திருக்க வேண்டும் என்று இந்தியாவில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. மலேசியாவில் மைகாட் என்ற அடையாள அட்டை இல்லாமல் தெருவில் இறங்கினால் குற்றம். இங்கே அப்படி இல்லை. ஆதாரும் நடந்து போகிறவனிடம் போலீஸ் கேட்பதற்காக வந்த அட்டை இல்லை. ஆக, கும்பகோணத்தில் மகாமகக் குளத்தங்கரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் அட்டை இல்லை என்பதை மட்டும் வைத்து அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

பெயர் வேறு சங்கதி. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். அதன் 39ஆம் பிரிவுதான் நம் விஷயத்துக்கு நேர் பிரிவு. பழைய சட்டத்தில் 42. பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத சின்னக் குற்றம் ஒன்றை ஒருவர் போலீஸ்காரரின் கண்முன் செய்கிறார், அல்லது செய்ததாக அவர் மேல் புகார் இருக்கிறது. பெயரும் இருப்பிடமும் கேட்டால் சொல்ல மறுக்கிறார், அல்லது பொய் என்று தோன்றும்படி சொல்கிறார். அப்போது அதைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் அவரைக் கைது செய்யலாம். தெரிந்ததும் பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தெரியவில்லை என்றாலோ, பத்திரம் எழுதித் தரவில்லை என்றாலோ மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும்.

இந்தப் பிரிவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். சட்டம் கேட்பது பெயரும் இருப்பிடமும்தான், அட்டை அல்ல. அதையும் குற்றம் என்று ஒன்று இருக்கும்போதுதான் கேட்கிறது. மறுப்பதையும் பொய் சொல்வதையும் ஒரே தட்டில் வைக்கிறது. அதனால் சொல்வதில்லை என்று முடிவெடுத்தால் வாயை மூடிக்கொண்டிருங்கள். வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி வைக்காதீர்கள்.

இது மாமா கட்சிக்குத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். இரவு ரோந்தில் ஒருவன் மறைந்து மறைந்து நிற்கிறான், பெரிய குற்றம் செய்யத்தான் நிற்கிறான் என்று தோன்றினால், நன்னடத்தைக்குப் பத்திரம் எழுதி வாங்க ஒரு பிரிவு உண்டு. இப்போது அது பி.என்.எஸ்.எஸ். 128. ஸ்டேஷன் பாஷையில் இன்னமும் பழைய சட்டத்து எண்ணான "நூத்தி ஒன்பது". போலீசின் சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்படாதவரை அங்கிருந்து அகற்றவும், பிடித்து வைக்கவும் 172ஆம் பிரிவு இடம் தருகிறது. எனவே பின்னிரவில் நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் பெயர் சொல்லாமல் வீம்பு பிடிப்பது சட்டப் புத்தகத்தில் உங்கள் பக்கம் நிற்கலாம். விடியும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கப் போவது நீங்கள்தான்.

என் வழக்கம் இப்போது இப்படி: பெயரைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தையும் கேட்டுவிடுகிறேன். "சார், பேரு இன்னது. ஏதாவது விசாரணையா?" இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை. லண்டனில் தெருவில் நிறுத்தும் போலீசிடம் பதில் சொல்லாமல் நடந்துவிடலாம். வேறு சந்தேகம் இல்லாதவரை அதற்காகப் பிடிக்க முடியாது. ஒன்டாரியோவில் 2017 முதல், சந்தேகம் எதுவும் இல்லாமல் சும்மா விவரம் கேட்கும் போலீஸ், தர வேண்டிய கட்டாயம் இல்லை என்பதைத் தாங்களே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தை மீனம்பாக்கத்தில் இறங்கும்போதே மூட்டை கட்டி வைத்துவிடுங்கள்.

டெல்டாவில் பெயரைவிடச் சிக்கலான கேள்வி அடுத்ததாக வருவது: "எந்தத் தெரு?" டீக்கடையில் கேட்டாலும் ஸ்டேஷனில் கேட்டாலும் அது முகவரி மட்டும் அல்ல. இங்கே பல ஊர்களில் தெருவைச் சொன்னால் சாதி சொன்ன மாதிரி. கீழவெண்மணி நாகை மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்ட மண்ணில், போலீசுக்கு எந்தத் தெரு என்று சொல்லச் சிலர் ஏன் தயங்குகிறார்கள் என்பதை வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும். 39ஆம் பிரிவு கேட்பது இருப்பிடம்; சாதியோ, "யாரு வீட்டுப் பிள்ளை" என்பதோ அதில் இல்லை. தபால் வந்து சேரும் முகவரியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். என் மாமா நிறுத்த மாட்டார். அவருக்கு அந்த மூன்று தலைமுறை சாவி மாதிரி வேலை செய்கிறது. எல்லாருக்கும் அந்தச் சாவி கிடைத்ததில்லை.

பெயரைப் பற்றி இன்னொன்று. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். கூப்பிடும் பெயர் மூன்றாவதாக ஒன்று. ஏட்டிடம் கூப்பிடும் பெயரைச் சொல்லி, எஸ்.ஐ.யிடம் பாஸ்போர்ட்டை நீட்டினால், பெயரை மாற்றிச் சொல்கிறான் என்ற சந்தேகம் வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே சொல்லப் பழகுங்கள்.

சரி, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள். 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 நடைமுறையில் இருக்கிறது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உட்படப் பழைய நான்கு சட்டங்களுக்குப் பதிலாக வந்தது. இதன்படி அடையாளம் காட்டாமல் இருக்கும் உரிமை உங்களுக்கு அநேகமாக இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரம் உள்ள அதிகாரி கேட்டால் பாஸ்போர்ட்டும் விசாவும் காட்ட வேண்டும். லாட்ஜ்களில் பாஸ்போர்ட் கேட்பதும் இதனால்தான். தங்கும் வெளிநாட்டவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அவர்கள் அனுப்பியாக வேண்டும். "சி ஃபார்ம்" என்று பழைய பெயரிலேயே சொல்வார்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா சமயத்தில் போனால், அறை கிடைத்த சந்தோஷத்தில் "உள்ளூர் பேர்லயே போட்டுக்கலாம் சார்" என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓ.சி.ஐ. அட்டை விசா தொல்லையையும், எத்தனை நாள் தங்கினாலும் பதிவு செய்யும் தொல்லையையும் நீக்குகிறது. உங்களை இந்தியக் குடிமகன் ஆக்கவில்லை.

கடற்கரைப் பக்கம் கேள்வி கூடுதலாக வரும். கோடியக்கரைக்கும் இலங்கைக்கும் நடுவில் இருப்பது பாக் நீரிணை மட்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமம், க்யூ பிரிவு என்ற உளவுப் போலீஸ் என்று சாதாரண ஸ்டேஷனைத் தாண்டியும் கேட்பதற்கு ஆட்கள் உண்டு. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்ட பிறகு போக்குவரத்தும் கூடியிருக்கிறது. கனடா, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஈழத் தமிழர்கள் பாஸ்போர்ட்டில் "பிறந்த இடம்" என்ற வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் என்று இருந்தால் இரண்டு கேள்வி அதிகம் வரும். எங்கே தங்கியிருக்கிறீர்கள், யாரைப் பார்க்க வந்தீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்பதற்கு ஒரே மாதிரி பதில் எல்லா இடத்திலும் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ் பர்ஸில் இருக்கட்டும், அசல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். முதலில் ஜெராக்ஸை நீட்டுங்கள். பல இடங்களில் அதோடு முடிந்துவிடும்.

வண்டி ஓட்டுகிறவருக்கு எந்த நாட்டுக்காரர் என்ற பேதம் இல்லை. சீருடையில் இருக்கும் போலீஸ் கேட்டால் லைசென்ஸ் காட்டியாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு. அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருந்தால் போதும். வெளிநாட்டு லைசென்ஸ்காரர்கள் கிளம்பும் ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பிரிவு பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரைப் பற்றிப் பேசவில்லை. அன்றைக்கு ஏட்டு முதலில் கேட்டிருக்க வேண்டியது என் மச்சானின் லைசென்ஸைத்தான். அவனிடம் அது இருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

கேட்கிறவருக்கும் பெயர் இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, இப்போது பி.என்.எஸ்.எஸ். 36ஆம் பிரிவாக இருக்கிறது: கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் இருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சியின் கையெழுத்து வேண்டும். மஃப்டியில் வந்து பாஸ்போர்ட் கேட்டால், "சார் எந்த ஸ்டேஷன்?" என்று பணிவாகவே கேட்கலாம். அட்டையைக் காட்டாதவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். "ஸ்டேஷனுக்கே வந்து காட்டுறேன் சார்" என்றால் உண்மையான போலீசுக்கு அதில் வருத்தம் இருக்காது. வீடியோ காலில் சீருடை போட்டுக்கொண்டு "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுகிறவன் போலீசே இல்லை. அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. போனை வைத்துவிட்டு 1930க்குச் சொல்லுங்கள்.

இன்னொரு புதுப் பழக்கம், செல்போனில் முகத்தைப் படம் எடுப்பது. முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் தமிழ்நாடு போலீசிடம் 2021 முதல் இருக்கிறது. பெயரே சொல்லாவிட்டாலும் முகம் சொல்லிவிடலாம். உடல் அளவும் படமும் எடுக்க அதிகாரம் தரும் 2022 சட்டம் தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் இருப்பவர் என்று போகிறது. ரோட்டில் நிறுத்தப்பட்டவரை அது குறிப்பிடவில்லை. "படம் எதுக்கு சார்?" என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். நான் கேட்டபோது ஒரு எஸ்.ஐ. போனை இறக்கிவிட்டார், இன்னொருவர் கேட்காத மாதிரி எடுத்துக்கொண்டார்.

ஊருக்கு வரும் அப்பா அம்மாவுக்கு ஒன்று. ஏதோ ஒரு வழக்கில் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால், எழுத்து மூலம் உத்தரவு வேண்டும். பெண்களையும் 60 வயது தாண்டிய ஆண்களையும் அவர்கள் இருக்கும் இடத்திலேயேதான் விசாரிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 179ஆம் பிரிவு. "ஒரு அஞ்சு நிமிஷம் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்கய்யா" என்ற அழைப்புக்கு, "வீட்டுலயே வந்து கேளுங்க தம்பி, காபி சாப்பிட்டுட்டே பேசலாம்" என்று அப்பா தாராளமாகச் சொல்லலாம்.

மீறி ஸ்டேஷனுக்கே போகும்படி ஆகிவிட்டால், கைதா விசாரணையா என்று முதலில் கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். வெளிநாட்டுக் குடிமகன் என்றால் தூதரகத்துக்குச் சொல்லும்படி கேட்கலாம். பிரிட்டன், அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகியவற்றுக்குச் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. இலவசச் சட்ட உதவிக்கு 15100. இந்த எண்ணையும், தூதரக எண்ணையும், ஊரில் உங்களுக்காக ஓடி வரக்கூடிய ஒருவரின் எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பாஸ்போர்ட் ஜெராக்ஸோடு மடித்து பர்ஸில் வையுங்கள். ஸ்டேஷனில் முதலில் கைமாறுவது செல்போன்தான்.