கை மரத்துப்போகிறதா? கழுத்தைக் கொடுக்கும் முன் விரலைப் பாருங்கள்

என் அக்கா தையல் வேலை செய்பவர். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு வலது கை மரத்துப்போய் விழித்துக்கொள்வார். உதறினால் சரியாகிவிடும். கழுத்து எலும்பு தேய்மானம் என்று ஒருவர் சொல்ல, நான்கு மாதம் கழுத்துக்கு வைத்தியம் நடந்தது. ஒருநாள் பேனாவைக் கொடுத்து, மரக்கிற இடத்தை உள்ளங்கையில் வரையச் சொன்னேன். நீலக் கோடு மோதிர விரலின் நடுவே ஓடியது. நடுவிரல் பக்கம் மரப்பு, சுண்டுவிரல் பக்கம் ஒன்றுமே இல்லை. கழுத்து நரம்பு பொதுவாக மோதிர விரலை அப்படிப் பாதியாகப் பிரிக்காது. மணிக்கட்டில் அழுந்தும் நரம்புதான் பிரிக்கும்.

கழுத்து, முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் திருப்பிச் சொடக்கு எடுக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சைக்குக் கழுத்தைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை இவை. அந்தப் பேனாவிலிருந்துதான் இந்தச் செய்முறை. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

படி 1: அவசரமா என்று பாருங்கள்

திடீரென்று ஒரு பக்கக் கை மரத்து, வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். மார்பு அழுத்தம், வியர்வையோடு கை மரத்தால் இதயம். இரண்டுக்கும் 108தான். இரண்டு கையும் மரத்து, சட்டைப் பொத்தான் போட முடியாமல், நடை தள்ளாடி, சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் தண்டுவடமே அழுந்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் கழுத்தில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 2: கையில் வரையுங்கள்

கழுத்தில் எலும்பு 7, அங்கிருந்து ஒவ்வொரு பக்கமும் கிளம்பும் நரம்பு வேர்கள் 8. கீழ் வேர்கள்தான் கைக்கு வருகின்றன. ஆறாவது வேர் அழுந்தினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல். ஏழாவது என்றால் நடுவிரல். எட்டாவது என்றால் மோதிர விரலும் சுண்டுவிரலும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

விரலோடு நிறுத்தாமல் முன்கையையும் தடவிப் பாருங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான். மணிக்கட்டுச் சிக்கலில் மரப்பு மணிக்கட்டோடு நின்றுவிடும், வலி வேண்டுமானால் மேலே ஏறலாம். முழங்கையில் நரம்பு அழுந்தினால் சுண்டுவிரல் மரக்கும், முன்கையின் உட்புறம் மரக்காது. முன்கையின் தோலும் சேர்ந்து மரத்தால் சந்தேகம் கழுத்துப் பக்கம் திரும்புகிறது.

படி 3: எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது?

ராத்திரியில், வண்டி ஓட்டும்போது, போனைப் பிடித்திருக்கும்போது கூடி, உதறினால் குறைந்தால் பெரும்பாலும் மணிக்கட்டு. அண்ணாந்து பார்க்கும்போது கைக்குள் சுள்ளென்று இறங்கினால் கழுத்து. மரக்கிற கையைத் தூக்கித் தலைமேல் வைத்துப் பாருங்கள், வலி லேசானால் அதுவும் கழுத்தையே காட்டுகிறது. தலையை அமுக்கிச் செய்யும் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம்.

படி 4: முதலில் மருத்துவர்

வரைந்த கையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். சர்க்கரை, பி12, தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தேவைப்பட்டால், நரம்பு வழியாகச் சமிக்ஞை சரியாகப் போகிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை எழுதுவார். எம்.ஆர்.ஐ.யில் 'ஜவ்வு விலகியிருக்கு' என்று வந்தால் பதற வேண்டாம். வலியே இல்லாதவர்களின் கழுத்திலும் அது சாதாரணமாகத் தெரியும். நீங்கள் வரைந்த விரலும் ஸ்கேனில் தெரியும் இடமும் பொருந்தினால்தான் அதற்கு அர்த்தம்.

படி 5: கைரோபிராக்டிக் போவதென்றால்

1895ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் தொடங்கிய முறை இது. நரம்பை அடைத்து நிற்கும் எலும்பைச் சரிசெய்வதாக அன்று சொன்னார்கள். கழுத்தைத் திருப்பும்போது வரும் 'டொக்' என்ற சத்தம் விலகிய எலும்பு உட்காருவதால் வருவதல்ல. மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம் அது. சத்தம் வந்ததால் நரம்பு விடுபட்டுவிட்டது என்று நம்பாதீர்கள்.

கழுத்து வலி சிலருக்கு இதில் குறைகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் வேகமாகத் திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. அரிதுதான், வந்தால் கொடுமை. முடி வெட்டிய கையோடு சலூனில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பதை அதனால்தான் அடியோடு வேண்டாம் என்கிறேன்.

என்ன படித்திருக்கிறார் என்று கேளுங்கள். இந்தியாவில் மருத்துவர்களுக்கு இருப்பதுபோல கைரோபிராக்டர்களுக்குத் தனிச் சட்டக் கவுன்சில் இல்லை, அதனால் கேட்கும் பொறுப்பு நம்முடையது. கை தசையின் பலம், தொடு உணர்வு, அனிச்சைச் செயல் மூன்றையும் சோதிக்காமல் நேராகக் கழுத்தைப் பிடிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். எலும்பு மெலிவு, முடக்குவாதம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, சமீபத்திய விபத்து, நாளுக்கு நாள் குறையும் பிடிபலம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வேகத் திருப்பல் கூடாது. "சொடக்கு வேண்டாம், மெதுவான அசைவும் பயிற்சியும் போதும்" என்று தாராளமாகச் சொல்லலாம். இருபது சிட்டிங்குக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

சிகிச்சைக்குப் பிறகு இதுவரை வராத கடும் தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, விழுங்கச் சிரமம் வந்தால் தூங்கினால் போகும் என்று படுக்காதீர்கள். மறுபடியும் 108தான்.

படி 6: வீட்டில்

அழுந்திய கழுத்து நரம்பு பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில், சில மாதங்களில் தணிகிறது. போனைக் கண் மட்டத்துக்குத் தூக்குங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைக் குனியாமல் தாடையை மட்டும் நேராகப் பின்னால் இழுத்து, ஐந்து எண்ணி விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து போதும். செய்யும்போது கைக்குள் மரப்பு இறங்கினால் நிறுத்துங்கள்.

அப்புறம், ஞாயிறுதோறும் அதே பேனாவால் மறுபடியும் வரையுங்கள். விரலில் இருந்த மரப்பு முழங்கைக்கும், அங்கிருந்து தோளுக்கும் ஏறிச் சுருங்கினால், கழுத்தில் கொஞ்சம் வலி கூடினாலும் அது நல்ல அறிகுறி. கோடு கீழே நீண்டுகொண்டே போனாலோ, தண்ணீர்ச் சொம்பு கை நழுவினாலோ அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம்.